பரண்மேல் இருந்த ஒற்றைத் தோட்டா ரைபிள்



உத்தியோகத்தின் பொருட்டு வடநாட்டு நகரங்களில் குடியேறிவிட்ட தமிழ்க் குடும்பங்களுள் பல, ஊரிலுள்ள மூதாதையர் வீட்டை நெடுநாள் பூட்டியே வைத்திருக்கின்றன. பின்னர் ஒருநாள் அதை விற்க நேரிடுகிறது. அப்பொழுது பரண்மேலிருந்து பித்தளை அண்டா இறங்கும். ஓலைச்சுவடிக் கட்டு இறங்கும். மலையடிவாரத்து வீடாக இருந்தால், சாக்கில் சுற்றிய பழைய துப்பாக்கியும் இறங்கக்கூடும். அதைக் கையில் எடுத்தவர் அடுத்த அரை மணி நேரத்தில் செய்வதைப் பொறுத்தே அது சரித்திரச் சான்றாக நிற்பதும், வழக்கில் கொண்டுபோய் நிறுத்துவதும் அமைகின்றன. இன்று அதைப் பற்றியே பேசப் புகுகின்றோம்.

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டின் எல்லையைத் தொட்டு நிற்பவை. ஆனைமலைத் தொடரின் ஒரு பக்கம் நெல்லியாம்பதியும் பறம்பிக்குளமும். மற்றொரு பக்கம் மூணாறும் இரவிகுளமும். இம்மலைகளில் நல்ல ரைபிள்கள் வந்து சேர்ந்ததற்குத் தோட்டத் தொழிலே பெரிதும் காரணம். 1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தினரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். காடு திருத்தித் தோட்டம் போட வந்த துரைமார்கள் வேட்டையிலும் பெருவிருப்பினர். மறு ஆண்டாகிய 1878இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் ஆயுதச் சட்டம் பிறந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கோ விலக்கு. ஆகவே உயர்ந்த ரைபிள் துரையின் பங்களாச் சுவரிலும், வாய்வழியே மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி குடியானவன் காவற்பரணிலுமாக இருந்தன. துரைமார் சொந்த நாட்டிற்குத் திரும்பிய காலத்தில் எழுத்தருக்கும் மேஸ்திரிக்கும் பரிசாகக் கைமாறிய துப்பாக்கிகளும் உண்டு.

அவ்வாறு கைமாறிய ஒன்றை நாமே கண்டோம். கொல்லங்கோட்டுக்கு அருகில் நம் உறவினரது வீட்டைக் காலி செய்த சமயம் அது. பாட்டனார் நெல்லியாம்பதித் தோட்டம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். நாகபுரியில் வசிக்கும் பேரன், அத்துப்பாக்கியைத் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டி வைக்க ஆசைப்பட்டார். நாம் போய்ச் சேருமுன்பே தச்சர் ஒருவர் உப்புக்காகிதம் கொண்டு இரும்பு முழுவதையும் வெள்ளிபோலத் தேய்த்துவிட்டிருந்தார். "துரு ஏறியிருக்கிறதே, துலக்கி வைத்தால் நல்லதுதானே என்று நானே சொன்னேன்" என்று வருந்தினார் வீட்டில் மூத்தவரான அத்தை. வலப்பக்கத்து இரும்பில் கிரீடத்தின் மேற்பாதியும், ஆங்கிலத்தில் 'ஃபீல்டு' என்று முடியும் சொல்லும், 18 என்ற இரண்டு இலக்கங்களும் மிஞ்சியிருந்தன. பின்னிரண்டு இலக்கங்கள் தூளாகத் தரையில் கிடந்தன.

பழைய துப்பாக்கியில் எழுத்தே உயிர். துரு அதன் மேல் போர்த்திய போர்வை. மெல்லிய எண்ணெயில் நனைத்த துணியால் ஒற்றுவதற்கு மேல் எதுவும் செய்யலாகாது. அதற்கும் முன்னதாக வேறோர் எச்சரிக்கை உண்டு. எத்துணைப் பழையதாயினும் உள்ளே மருந்து இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். வாய்வழி மருந்திடும் துப்பாக்கியில் பல்லாண்டுகளுக்கு முன் கெட்டித்த வெடிமருந்து அப்படியே தங்கியிருப்பதுண்டு. விசையையும் குதிரையையும் தொடாமல், குழலின் வாய் எவர் பக்கமும் திரும்பாமல் கிடத்தி வைத்துவிட்டுக் கண்ணால் மட்டுமே பார்க்க வேண்டும். (குதிரை என்றது துப்பாக்கிமேல் அடிக்கும் சுத்தியலைத்தான். மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள நமக்கு, ஆங்கிலத்தில் சேவல் எனப்படுவது தமிழில் குதிரையானதில் ஒரு தனி மகிழ்ச்சி.)

ஒற்றைத் தோட்டா ரைபிள் என்பது ஒருமுறை சுட்டதும் கையாலேயே அடுத்த தோட்டாவை இட வேண்டியது. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி அதில் இராது. குழலின் உட்புறத்தில் திருகுபுரிபோல் வரிகள் ஓடினால் அது ரைபிள். வழுவழுப்பாக இருந்தால் ரைபிள் அன்று. பிரிட்டிஷ் படையிலிருந்து வந்தவற்றுள் நம் நாட்டில் அடிக்கடி பேசப்படுவன இரண்டு.

முதலாவது ஸ்னைடர். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி வாய்வழி மருந்திடுவது. 1857இல் அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றி எழுந்த கிளர்ச்சியைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அத்துப்பாக்கியின் அடிப்பகுதியை வெட்டி, பெட்டியின் மூடிபோல் வலப்பக்கம் திறக்கும் ஓர் இரும்பை அமெரிக்கரான ஜேக்கப் ஸ்னைடர் பொருத்திக் காட்டினார். 1866இல் பிரிட்டிஷ் படை அதை ஏற்றது. பக்கவாட்டில் பெரிய குதிரையும், அதன் அருகே கீல் வைத்த மூடியும் தென்பட்டால் ஸ்னைடர் என்று கருதலாம்.

இரண்டாவது மார்ட்டினி-ஹென்றி, 1871இல் படையில் புகுந்தது. இதற்கு வெளியில் குதிரையே இல்லை. விசைக்குப் பின்னால், கைப்பிடியின் அடியில் ஒரு நெம்புகோல் நீண்டிருக்கும். அதைக் கீழே தள்ளினால் குழலின் அடிவாயை அடைத்திருந்த இரும்புக் கட்டை முன்புறம் தாழ்ந்து வழிவிடும். பழைய தோட்டாவின் கூடு பின்னே வந்து விழும். புதியதை இட்டு நெம்புகோலை மேலே தூக்கினால் அடிவாய் மூடிக்கொள்ளும். இவ்வமைப்பின் மூலக் கருத்து பீபாடி என்ற அமெரிக்கருடையது. அதைத் திருத்தியவர் சுவிட்ஸர்லாந்தில் வாழ்ந்த மார்ட்டினி. குழலின் புரியை வகுத்தவர் எடின்பரோவின் அலெக்ஸாண்டர் ஹென்றி. நீளம் ஏறத்தாழ 49 அங்குலம். எடை நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1877இல் இரண்டாம் மாதிரி, 1879இல் மூன்றாவது, 1888இல் நான்காவது என மாற்றங்கள் வந்தன. நான்காம் மாதிரிக்கு நெம்புகோல் நீளம்.

கொல்லங்கோட்டில் கண்டது மார்ட்டினியே. நெம்புகோல் குட்டையாக இருந்தமையால் நான்காம் மாதிரி அன்று என்று மட்டும் சொல்ல முடிந்தது. எழுத்து அழியாதிருந்தால் அதற்குமேலும் சொல்லியிருக்கலாம். கிரீடத்தின் கீழ் விக்டோரியா ராணியின் 'வி. ஆர்.' என்ற முத்திரை, தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, மாதிரியின் ரோமன் எண் ஆகியவை வரிசையாக வலப்பக்கத்தில் இருப்பது வழக்கம். என்ஃபீல்டு என்பது அரசாங்கத் தொழிற்சாலை. பி. எஸ். ஏ. என்றிருந்தால் பர்மிங்ஹாம் கம்பெனி. ஆம், அம்பத்தூரில் செய்த சைக்கிள்களில் நாம் கண்ட அதே பெயர்தான். சாய்த்து நிறுத்திய மூன்று ரைபிள்களே அக்கம்பெனியின் பழைய சின்னம். இவற்றோடு அகன்ற தலையுள்ள அம்புக்குறி ஒன்றிருந்தால் அது படையின் உடைமை என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை எதிரெதிராக இருந்தால், படையிலிருந்து கழித்து விற்கப்பட்டது என்று பொருள்.

எழுத்து இருக்கிறது என்பதனாலேயே நம்பிவிடவும் கூடாது. வடமேற்கு எல்லைப்புறத்தில் டர்ரா ஆதம் கேல் முதலிய இடங்களில் கொல்லர்கள் மார்ட்டினியைப் பார்த்துப் பார்த்துச் செய்தவை ஏராளம். ஆங்கிலம் அறியாதவர் வெட்டிய முத்திரையில் 'என்' என்னும் எழுத்து இடவலமாகத் திரும்பியிருக்கும்; சொல்லில் பிழை இருக்கும். விக்டோரியா 1901இல் மறைந்தார். அதற்குப் பிற்பட்ட ஆண்டும் அவர் முத்திரையும் ஒருங்கே இருந்தால் அது போலி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்போலிகளில் சில, கைவேலையில் அசலுக்குச் சளைத்தவை அல்ல என்பது நம் கருத்து.

உருவம் ஒன்றாயிருந்தும் உள்ளே வேறுபடுபவையும் உண்டு. மார்ட்டினி-ஹென்றியின் தோட்டா பருத்தது. குழல் வாயின் விட்டம்.45 அங்குலம். பின்னாளில் இதே உடலில் .303 அங்குலக் குழலைப் பொருத்தி மார்ட்டினி-என்ஃபீல்டு என்றார்கள். பரண்மேல் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. சட்டத்தின் கண்ணில் அப்படியன்று. .303 என்பது படைத் தோட்டாவின் அளவு; தடைசெய்யப்பட்ட வகையைச் சார்ந்தது; மத்திய அரசின் தனி அனுமதியின்றி எவரும் வைத்திருக்கலாகாது.

சட்டத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். "நூறு வருஷத்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதற்கு?" என்று படித்தவர்களே கேட்கின்றனர். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மையே. வழக்கொழிந்த மாதிரியான, அல்லது தொன்மைச் சிறப்புடைய, அல்லது பழுதுபட்ட ஆயுதத்திற்கு அது விலக்களிக்கிறது. ஆனால் அவ்வாக்கியம் அங்கே முடியவில்லை. பழுது பார்த்தாயினும் பாராமலாயினும் சுடும் கருவியாகப் பயன்படுத்த இயலாதது என்ற நிபந்தனை தொடர்கிறது. மொழிபெயர்ப்பவனுக்கு வாக்கியத்தின் வால் முக்கியம். விசை உடைந்திருக்கிறது, வில் தளர்ந்திருக்கிறது என்பவை போதா. ஒரு கொல்லர் செப்பனிட்டால் சுடுமா என்பதே கேள்வி. அதை முடிவு செய்ய வேண்டியவர் அதிகாரியேயன்றிக் குடும்பத்தினர் அல்லர்.

லைசென்ஸ் பெற்றிருந்தவர் காலமானாலோ, லைசென்ஸ் காலாவதியானாலோ, காலதாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. ஒப்படைத்தால் உரிமை போய்விடும் என்ற அச்சம் வேண்டா. வாரிசு லைசென்ஸுக்கு மனுச் செய்யலாம். தகுதியுள்ள ஒருவருக்கு விற்கவும் செய்யலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பரம்பரை உடைமையாக வருவதையும் சேர்த்து ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. சேகரிப்போர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். இந்நாட்டில் தபால்தலை சேர்ப்பதுபோல் ரைபிள் சேர்க்க வழியில்லை. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழும் வருமாதலால், வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அனுப்பிவைக்கும் எண்ணமும் கூடாது.

ஆசைக்கு வேறு வடிகால்கள் உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும், ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும், தில்லி தேசிய அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்களைக் கண்ணாரக் காணலாம். வீட்டிலிருந்ததை ஒப்படைக்குமுன் முத்திரைகளை நிழற்படம் எடுத்து, யாரிடமிருந்து எப்பொழுது வந்தது என்று பெரியோர் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டால், சேகரிப்பில் அரிய பகுதி கைக்கு வந்துவிடும். பழைய லைசென்ஸ் தாளையும் எறியக் கூடாது. பாலக்காடு 1956 வரை சென்னை இராஜ்யத்தில் இருந்தது. மூணாறோ திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தாளின் தலைப்பே துப்பாக்கி எந்த மலையில் இருந்தது என்று காட்டிக்கொடுக்கும்.

கொல்லங்கோட்டு வீட்டின் தகரப் பெட்டியில் அத்தகைய தாள் ஒன்று கிடைத்தது. சென்னை அரசாங்க முத்திரையுடன் கூடிய அது, 1954க்குப் பின் புதுப்பிக்கப்படவில்லை. பேரனோ துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி ரயிலில் கொண்டுபோகத் தயாராக இருந்தார். லைசென்ஸ் இல்லாத ஆயுதத்துடன் ஒரு மாநிலம் விட்டு மற்றொரு மாநிலம் செல்வது எத்தகைய குற்றம் என்பதை அவருக்கு விளங்க வைக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. நிலையத்துக்கும் தாமே தூக்கிச் செல்லாமல், முதலில் எழுத்து மூலம் தெரிவித்தார். மறுநாள் காலை இரு காவலர் வந்தனர். அத்தை அவர்களுக்குக் காப்பி கொடுத்தார். நெம்புகோலின் நீளம், மிஞ்சிய எழுத்துகள், குழலின் விட்டம் ஆகிய அனைத்தையும் குறித்து ரசீது எழுதப்பட்டது. ஆண்டு என்ற இடத்தில் 18 என்று எழுதி, அதன்பின் இரண்டு கோடுகள் இட்டார் காவலர். 45ஆம் பிரிவின்படி விலக்குக் கிடைக்குமா என்று கேட்டு மாவட்ட அதிகாரிக்கு அனுப்பிய மனுவிற்கு இன்னும் பதில் வரவில்லை. ரசீது நாகபுரியில் பத்திரமாக இருக்கிறது.