கணக்கில் வராத கைகள்

கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்ப்பவர்களின் கண்கள், வளையத்துக்குள் விழும் பந்தையே பின்தொடர்கின்றன. ஆனால், உலகின் தலைசிறந்த தொழில்முறை வீரர்கள் எறியும் பந்துகளிலேயே ஏறத்தாழ பாதி உள்ளே விழுவதில்லை. வளையத்திலோ பலகையிலோ மோதித் திரும்பும் அந்தப் பந்தைக் கைப்பற்றுவதற்கு 'ரீபவுண்ட்' என்று பெயர்.

பொருளியல் ஆசிரியனாக இதைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஆட்டத்தில் அரிதான வளம் பந்துதான். பன்னாட்டு விதிப்படி, பந்தைப் பெற்ற அணி 24 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எதிரணி பிடித்தால் அந்த முயற்சி அத்துடன் முடிந்துவிடும். எறிந்த அணியே பிடித்தால் மேலும் 14 விநாடிகள் கிடைக்கும். புள்ளி எடுப்பவருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பை வழங்குபவர், ரீபவுண்ட் எடுப்பவரே.

இந்த ஒரு வேலையையே வாழ்க்கைத் தொழிலாக்கிக் கொண்டவர் அமெரிக்காவின் டென்னிஸ் ராட்மன். 1961-இல் பிறந்த அவர், பள்ளிப் படிப்புக்குப் பின் டாலஸ் விமான நிலையத்தில் இரவு நேரத் துப்புரவுப் பணி செய்தவர். உயரம் கூடிய பிறகே கல்லூரி அணிக்குள் வந்தார். 1986-இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி 27-ஆவது தேர்வாக அவரை எடுத்தபோது அவருக்கு வயது 25. தன்னைவிட உயரமானவர்களுக்கு நடுவே, 1991-92 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 18.7 ரீபவுண்டுகள் எடுத்தார். அப்பருவம் தொடங்கித் தொடர்ந்து ஏழு பருவங்களில் என்பிஏ-யில் அவரே முதலிடம். சக வீரர்கள் எறியும் பந்து எப்படிச் சுழல்கிறது, எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று உட்கார்ந்து கவனித்துப் பாடமாக்கிக் கொண்டவர் அவர்.

அவருடைய வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 7.3 புள்ளிகள்தான், ரீபவுண்டுகளோ 13.1. இருந்தும் ஐந்து சாம்பியன் பட்டங்களில் பங்கு பெற்றார். 2011-இல் அந்நாட்டுக் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார். ஆடுகளத்திலும் வெளியிலும் அவருடைய நடத்தை மாணவர்களுக்கு முன்மாதிரி அன்று. படப்பிடிப்பாளர் ஒருவரை உதைத்ததற்காக 1997-இல் தடை விதிக்கப்பட்டவர் அவர். ஆயினும், அந்தச் சர்ச்சைகளில் அவருடைய உழைப்பு புதைந்து போகவில்லை. 1950-51 பருவத்திலிருந்தே ரீபவுண்டுகளை எண்ணிப் பதிவு செய்யும் வழக்கம் என்பிஏ-யில் இருந்ததே அதற்குக் காரணம்.

நம் நாட்டில், வளையத்தருகே நின்று ஆடும் 'சென்டர்' இடத்தில் புகழ்பெற்றவர் கீது அன்னா ஜோஸ். கோட்டயத்தைச் சேர்ந்த அவர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேக்காக ஆடினார். 2006-இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடச் சென்றார்; 2011-இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை அணிகள் மூன்றின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். அங்கே இடம் கிடைக்கவில்லை என்றாலும், 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார். அவர் பந்தையும் மீட்பார், புள்ளிகளையும் குவிப்பார். புள்ளிகள் குவிக்காமல் பந்தை மட்டும் மீட்டுத் தரும் பெண்ணின் நிலை என்ன?

இங்குதான் நம் ஊர்களின் சிக்கல் தொடங்குகிறது. ஆட்டத்தின் அதிகாரபூர்வ மதிப்பெண் தாளில் புள்ளிகள், தவறுகள், இடைவேளைக் கோரிக்கைகள் பதிவாகின்றன. ரீபவுண்டுகளுக்கு அதில் கட்டமே இல்லை. பெரிய போட்டிகளில் தனிக் குழுவினர் புள்ளிவிவரம் எடுப்பார்கள். செஞ்சியிலோ மேல்மலையனூரிலோ நடக்கும் பள்ளி ஆட்டத்துக்கு அப்படி யார் வருவார்கள்? பன்னிரண்டு முறை பந்தை மீட்ட மாணவியின் பெயருக்கு எதிரே, ஆட்டம் முடிந்ததும் இரண்டு புள்ளிகள் மட்டுமே எஞ்சியிருக்கும். மாவட்ட அணித் தேர்வில் அவர் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அணியில் இடம் இல்லையேல் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையேல் கல்லூரியிலும் வேலைவாய்ப்பிலும் விளையாட்டு ஒதுக்கீடு இல்லை. சிற்றூர்க் குடும்பத்துக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி அன்று.

பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ரோம், பால் மில்குரோம் என்னும் பொருளியலாளர்கள் 1991-இல் வெளியிட்ட கட்டுரை இதன் அடிப்படையை விளக்குகிறது. பல வேலைகளைச் செய்ய வேண்டியவருக்கு, அவற்றுள் அளக்கக்கூடிய ஒன்றுக்கு மட்டும் வலுவான ஊக்கம் அளித்தால், அவருடைய முயற்சி மற்றவற்றிலிருந்து விலகி அதன் பக்கமே சாயும். புள்ளிகளை மட்டும் எண்ணும் அணியில், ஐந்து பேருமே எறிய நினைப்பார்கள். திரும்பும் பந்துக்காகக் காத்து நிற்க ஆள் இருக்காது. பள்ளி ஆட்டங்களில் குறி தவறுவது இன்னும் அதிகம் என்பதால் இழப்பும் அங்கேதான் அதிகம்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. ஆட்டத்தில் இறங்காத மாணவி ஒருவரிடம் கோடிட்ட தாளைக் கொடுத்து, யார் எத்தனை பந்துகளை எந்தக் கூடையடியில் மீட்டார் என்று குறிக்கச் சொல்லலாம். அந்தத் தாளில் உடற்கல்வி ஆசிரியர் கையொப்பமிட்டு, அணித் தேர்வுக்கு அனுப்பலாம். தேர்வாளர்கள் அதைக் கேட்டு வாங்குவதை வழக்கமாக்க வேண்டும். எண்ணிக்கையே எல்லாம் ஆகிவிடாது என்பதும் உண்மை. எதிராளியை உடலால் மறித்து நின்று, தோழி பந்தைப் பிடிக்க வழிசெய்பவர் அந்தத் தாளிலும் வரமாட்டார். அதற்குப் பயிற்சியாளரின் கண்தான் வேண்டும். ஆனால், இன்று அந்த முதல் தாளே இல்லை. வரும் கல்வியாண்டின் குறுவட்டப் போட்டிகளிலிருந்தாவது அதைத் தொடங்கலாம்.