பொட்டும் தோலும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்திருக்கிறீர்களா? வண்டி பொத்தேரியை அடைவதற்குள், ஒட்டுப்பொட்டு அட்டைகளை அடுக்கிக்கொண்டு வியாபாரி ஒருவர் வந்துவிடக்கூடும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் இப்பொட்டு பெரும்பாலோருக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. ஆயினும் சிலருக்குப் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்பும் தடிப்பும் தோன்றுகின்றன. வேறு சிலருக்கு அவ்விடம் பொட்டின் அளவிலேயே வெளுத்துப்போகிறது. இதன் காரணம் யாது? நம் தோலுக்கு ஏற்ற ஒப்பனைப் பொருளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

முதலில் தோலைப் பார்ப்போம். அதன் மேற்புறத்தில் இறந்த செல்களாலான ஒரு படலம் உண்டு. முகத்தில் இதன் தடிமன் சுமார் 10 முதல் 20 மைக்ரான்தான். நீங்கள் எழுதும் தாள் இதைவிடப் பல மடங்கு தடித்தது. மூலக்கூறு எடை ஏறத்தாழ 500க்கு மேற்பட்ட பொருள்களை இப்படலம் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. அதற்குக் குறைந்தவை ஊடுருவக்கூடும். பொட்டு பல மணி நேரம் ஒரே இடத்தை மூடிக்கொண்டிருக்கிறது. வியர்வையும் சேர்ந்து படலம் ஊறிப்போகிறது. அப்போது ஊடுருவல் எளிதாகிறது.

உள்ளே நுழைந்த அந்நியப் பொருளைத் தோலிலுள்ள லாங்கர்ஹான்ஸ் செல்கள் பற்றி, நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டு சேர்க்கின்றன. (பால் லாங்கர்ஹான்ஸ் இச்செல்களை 1868ஆம் ஆண்டில் விவரித்தபோது அவர் ஒரு மருத்துவ மாணவர்தான்!) ஒவ்வாமைக்கு உள்ளாகும் உடலில், அப்பொருளை அடையாளம் காணும் வெள்ளணுக்கள் அங்கே பெருகுகின்றன. இதற்குப் பத்து நாள்களோ அதற்கு மேலோ ஆகலாம். அதன் பிறகு அப்பொருள் மீண்டும் தோலில் பட்டால், ஓரிரு நாளில் அரிப்பு எழும். இந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழிவதில்லை.

இந்தத் தாமதமே நம்மை ஏமாற்றுகிறது. திங்களன்று பூசிய பூச்சுக்குப் புதனன்று அரிக்கிறது. நாமோ செவ்வாயன்று உண்ட கத்தரிக்காயைப் பழிக்கிறோம்!

வெளுத்துப்போவது இதனின்றும் வேறானது. ஒட்டுப்பொட்டின் பசையிலிருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் பொருளே இதற்குக் காரணமாவதை இந்தியத் தோல் மருத்துவர்கள் கண்டு, 1990இல் ஆய்விதழில் வெளியிட்டனர். இதன் மூலக்கூறு எடை 150தான். தோலின் நிறமியான மெலனின், டைரோசின் என்னும் பொருளிலிருந்து உருவாகிறது. பியூட்டைல் பீனாலின் வடிவம் டைரோசினை ஒத்திருப்பதால், நிறமி செய்யும் செல்கள் இதனை ஏற்று, பாதிக்கப்பட்டு மடிகின்றன. இத்தகைய வெளுப்பைக் குஷ்டம் என்று அஞ்சுவோர் உண்டு. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. இது தொற்றவும் தொற்றாது. பொட்டை உடனே நிறுத்தினால் நிறம் மெல்லத் திரும்புவது உண்டு. தொடர்ந்து வைத்தால் வெளுப்பு பரவவும் கூடும். ஆகவே காலம் தாழ்த்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

'இயற்கையானது' என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் போதாதா? போதாது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்யும் குங்குமம் இயற்கையானதே. ஆனால் மஞ்சளிலுள்ள குர்குமின் ஒவ்வாதவர்களும் இருக்கிறார்கள். மலிவான குங்குமத்தில் செயற்கைச் சாயங்களும் கலந்திருக்கக்கூடும். 'ஒவ்வாமை தராதது' என்ற சொல்லும் உறுதிமொழி அன்று. அமெரிக்காவில் 1975இல் இச்சொல்லுக்கு ஒரு விதி வகுத்தனர்; 1977இல் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று தள்ளிவிட்டது.

ஆகவே நாமே சோதிப்போம். ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் மின்தடையை அளக்கும்போது நீளத்தையும் தடிமனையும் ஒருசேர மாற்றுவீர்களா? மாற்ற மாட்டீர்கள். ஒரு சமயத்தில் ஒரு மாறியைத்தான் மாற்றுவீர்கள். இங்கும் அதே விதிதான். மையும் பவுடரும் உதட்டுச் சாயமும் ஒரே நாளில் புதிதாக வாங்கிப் பூசாதீர்கள். முகத்துக்கான ஒரு பூச்சை எடுத்து, ஒரு கையின் முழங்கை மடிப்பில், ரூபாய் நாணயம் அளவுக்கு, தினம் இருமுறை தடவுங்கள். மறு கையை வெறுமையாக விடுங்கள். ஏழு முதல் பத்து நாள் வரை குறித்து வாருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் உடனே கழுவிவிட்டு, அப்பொருளைக் கைவிடுங்கள். வாசனைப் பொருள் சேர்க்காததும், உட்பொருள்கள் குறைவானதுமான பூச்சை முதலில் தேர்ந்தெடுப்பது நலம்.

இச்சோதனை வெளுப்பை முன்கூட்டிக் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள். முன்பே முகம் வீங்கியோ மூச்சுத் திணறியோ துன்பப்பட்டவர்கள் இதனை வீட்டில் செய்யவே கூடாது. அவர்களுக்கு மருத்துவரே வழி. யாடசோன் என்னும் மருத்துவர் 1895இல் அறிமுகம் செய்த ஒட்டுச் சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறு சிறு ஒட்டுகளாக முதுகில் 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். பின்னர் மேலும் ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். எப்பொருள் ஒவ்வாது என்று தெரிந்ததும் அதன் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, அட்டையின் முன்புறத்துப் படத்தைப் பார்க்குமுன் பின்புறத்தில் அப்பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.