கட்டற்றதும் விலையற்றதும்: மின்சுற்றுப் பலகை வரையும் மென்பொருள்கள்

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் டோவர் சாலையருகே சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியும், கெண்ட் ரிட்ஜில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் அமைந்துள்ளன. இத்தகைய கல்விக்கூடங்களில் மின்னணுவியல் பயிலும் மாணவர், தம் முதல் மின்சுற்றுப் பலகையை வரைய அமரும்போது, “எந்த மென்பொருள் இலவசம்?” என்றே பெரும்பாலும் வினவுவார். வினாவிலேயே சிக்கல் உள்ளது. ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’ என்னும் சொல் இரு பொருளைச் சுமக்கிறது. தமிழில் அத்தொல்லை இல்லை. விலையின்றிக் கிடைப்பது இலவசம். பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவது கட்டற்றது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு ஈகிள் சான்று. ஜெர்மனியின் காட்சாஃப்ட் நிறுவனம் 1988இல் வெளியிட்ட இம்மென்பொருளின் இலவசப் பதிப்பில், இரண்டு செம்பு அடுக்குகளும் 80 சதுர சென்டிமீட்டர் பரப்பும் மட்டுமே கிட்டின. பயிற்சிக்கு அது போதுமாதலால் உலகெங்கும் மாணவர் அதனைப் பற்றிக்கொண்டனர். 2016இல் ஆட்டோடெஸ்க் அதனை வாங்கியது. 2026 ஜூன் 7ஆம் நாளுடன் நிறுத்தப்போவதாக 2023இல் அறிவித்தது. விலை கொடாதவர்க்கு இழப்பென்ன என்று கேட்கலாம். பல்லாண்டு வரைந்த கோப்புகளே இழப்பு! பலகை செய்யும் ஆலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்பு எஞ்சுமே எனின், அது ஏறக்குறைய அடுக்குகளின் படம் மட்டுமே; மூல மின்சுற்று வரைபடத்தை அதிலிருந்து மீட்பது எளிதன்று. நல்லவேளையாக ஈகிள் தன் ஆறாம் பதிப்பு முதல் கோப்புகளைப் படிக்கத்தக்க உரைவடிவில் சேமித்தது. அதனால் கைகேட் அவற்றைத் திறக்க வல்லதாயிற்று.

பிரான்சின் ழான்-பியர் ஷராஸ் 1992இல் தொடங்கிய கைகேட், முழுமையாகக் கட்டற்றது. பரப்புக்கு நடைமுறையில் வரம்பில்லை, 32 செம்பு அடுக்குகள் வரை இடமுண்டு. அணுத்துகள் ஆய்வகமாகிய செர்ன் தன் பொறியாளர்களை இதில் ஈடுபடுத்தியது. புதிய தடம் இழுக்கையில் பழைய தடங்கள் தாமே விலகி வழிவிடும் வசதி அவ்வுழைப்பின் பயனே. தொடக்கநிலை மாணவர்க்கு இது சற்றே மலைப்பூட்டும். எனினும் மேற்படிப்புக்குச் செல்வோர் இதிலேயே தொடங்குதல் நன்று என்பது என் கருத்து.

பள்ளி மாணவர்க்குப் ஃபிரிட்சிங் ஏற்றது. பிரெட்போர்டில் கம்பி செருகுவதுபோலவே திரையில் வரையலாம். இதன் மூலநிரல் கட்டற்றது. ஆயினும் அதன் தளத்திலிருந்து ஆயத்த நிலையில் இறக்கிக்கொள்ளச் சிறு கட்டணமுண்டு. ஈசிஈடிஏ இதற்கு நேர்மாறு: உலாவியில் விலையின்றி இயங்கும், ஆனால் கட்டற்றது அன்று. 2023இல் முதற்பதிப்பை எட்டிய லிப்ரேபிசிபி இன்னும் இளையது; பாகங்களின் தொகுப்பு சிறிது.

எதில் வரைந்தாலும், ஆலைக்கு அனுப்புமுன் பலகையைத் தாளில் உண்மை அளவில் அச்சிடுக. ஜாலான் புசாரின் சிம் லிம் டவரில் வாங்கிய பாகங்களை அதன்மேல் வைத்து, அவற்றின் கால்கள் துளைக்குறிகளோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்க.