நிரலாளர் மாநாடு: அரங்கிலிருந்து இணையத்துக்கு

ஒரு நாட்டின் வளர்ச்சிக்கு ஆலைகளும் அணைகளும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவுக்கு அறிவுச் செல்வமும் இன்றியமையாதது. கணிப்பொறித் துறையில் இச்செல்வத்தின் பெரும்பகுதி, எவரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளாகப் பொதுவில் கிடக்கிறது. இதனை ஆக்குவோரும் பயன்படுத்துவோரும் ஆண்டுதோறும் கூடிக் கருத்துப் பரிமாறிக்கொள்ளும் மாநாடுகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. இந்தியாவில் அவற்றுள் குறிப்பிடத்தக்கது, பைத்தான் மொழி நிரலாளர்களின் ‘பைகான் இந்தியா’ மாநாடு ஆகும். 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாக இம்மாநாடு முழுவதும் இணையவழியில் நடைபெற்றது. இம்மாற்றத்தினால் யாருக்குக் கதவு திறந்தது, யாருக்கு அது மூடியே இருந்தது என்பது மாணவர்களும் அலுவலர்களும் சிந்திக்கத்தக்க பொருளாகும்.

மொழியின் வரலாறு

பைத்தான் மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கீடோ வான் ராசம். ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணிப்பொறியியல் ஆய்வு மையத்தில் பணியாற்றியபோது, 1989 இறுதியில் அவர் இப்பணியைத் தொடங்கினார். 1991-ல் முதல் பதிப்பு வெளியாயிற்று. எளிய சொற்றொடர் அமைப்பினால் தொடக்க மாணவர் முதல் விஞ்ஞானிகள் வரை இதனைக் கையாள முடிகிறது. இதன் உரிமம், எவரும் இதனைப் பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் இடமளிக்கிறது. தமிழ்நாட்டில் 2019-ல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் பாடநூலிலும் பைத்தான் இடம்பெற்றுள்ளது. எனவே தமிழ்வழி மாணவர்களுக்கும் இது புதிய பெயரன்று.

பொருளாதார நோக்கில் இம்மொழி ஒரு பொதுப் பண்டம். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றொருவருக்குக் குறைவு ஏற்படுவதில்லை. ஆனால் பொதுப் பண்டங்களுக்கே உரிய இடர்ப்பாடு இதற்கும் உண்டு. பயன்பெறுவோர் பலராகவும் பேணுவோர் சிலராகவும் இருப்பர். பயன்படுத்துவோருள் ஒரு பகுதியினரையேனும் பேணுவோராக மாற்றும் ஏற்பாடு வேண்டும். நிரலாளர் மாநாடு அத்தகைய ஏற்பாடுகளுள் ஒன்றாகும்.

மாநாட்டின் தோற்றம்

1994-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பைத்தான் பயன்படுத்துவோரின் முதல் பட்டறை கூடியபோது, வந்திருந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேரே. 2003-ல் வாஷிங்டன் நகரில் முதலாவது பைகான் மாநாடு நடைபெற்றது. இந்தியாவில் முதல் மாநாடு 2009 செப்டம்பர் 26, 27 நாட்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கூடியது. மாநாட்டுக்குப் பின்புலமாக இந்தியப் பைத்தான் மென்பொருள் சங்கம் அமைந்தது. அதன் தலைவராக விளங்கி 2012-ல் மறைந்த கென்னத் கொன்சால்வஸ், உதகமண்டலத்தில் வாழ்ந்தவர். அவர் நினைவாக, பைத்தான் சமூகத்துக்குத் தொண்டு புரிந்தோருக்கு விருது வழங்கப்பட்டு வருகிறது. பெருநகரங்களுக்கு வெளியே வாழ்வோரும் இத்துறையில் முன்னின்று உழைக்க முடியும் என்பதற்கு அவரது வாழ்வு சான்றாகும்.

பின்னர் டெல்லி, ஹைதராபாத் நகரங்களிலும் மாநாடு நடைபெற்றது. 2019 அக்டோபரில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கூடியது.

செயல்படும் முறை

மாநாட்டை நடத்துவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். உரை நிகழ்த்த விரும்புவோர் தம் பொருளைச் சுருக்கமாக எழுதி அனுப்புகின்றனர். அம்முன்மொழிவுகளை எவரும் படித்துக் கருத்துரைக்கலாம். தன்னார்வலர் குழு அவற்றை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கிறது. பட்டமும் பதவியும் இங்கு தகுதியாகக் கேட்கப்படுவதில்லை என்பதால், மாணவர் ஒருவர் பேச, அனுபவமிக்க பொறியாளர்கள் கேட்பதும் இயல்பாக நிகழ்கிறது. நீண்ட உரைகளோடு பயிற்சிப் பட்டறைகளும், ஒரு சில நிமிடங்களில் முடியும் குறு உரைகளும் உண்டு. புதியவர்கள் அனுபவமுள்ளோர் அருகில் அமர்ந்து, பொதுவிலுள்ள மென்பொருளின் பிழைகளைத் திருத்தும் கூட்டுப்பணியும் நடைபெறுகிறது. பயன்படுத்துபவர் பேணுபவராக மாறும் முதற்படி பெரும்பாலும் இக்கூட்டுப்பணியே. நுழைவுக் கட்டணமும் நிறுவனங்களின் ஆதரவுத் தொகையும் செலவை ஈடுசெய்கின்றன. உரைகளின் பதிவுகள் பின்னர் இணையத்தில் இலவசமாக வெளியிடப்படுகின்றன.

2020: இணையவழி மாநாடு

2020 மார்ச்சில் நாடு தழுவிய முடக்கம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில் நடைபெறவிருந்த அமெரிக்க மாநாடும், டப்ளினில் நடைபெறவிருந்த ஐரோப்பிய மாநாடும் இணையத்துக்கு மாற்றப்பட்டன. இந்திய மாநாடு அக்டோபர் 2 முதல் 5 வரை இணையவழியில் நடைபெற்றது. அடுத்த ஆண்டும் அவ்வழியே தொடர்ந்தது.

அரங்க மாநாட்டில் பங்கேற்பவருக்கு நுழைவுக் கட்டணத்தைவிடப் பயணமும் தங்குமிடமும் விடுப்பும் பெருஞ்செலவாகும். திருநெல்வேலியிலிருந்து பெங்களூருக்கு வரும் மாணவருக்கு இரு இரவுப் பயணமும் சில நாள் விடுதி வாடகையும் தேவை. இணையவழியில் இச்செலவுகள் அனைத்தும் நீங்கின. நடத்துவோருக்கும் அரங்க வாடகையும் உணவுச் செலவும் இல்லை. அரங்கில் இருக்கைகள் வரையறைக்கு உட்பட்டவை. இணையத்திலோ மேலும் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். வெளிநாட்டு வல்லுநர்கள் விமானச் சீட்டும் விசாவுமின்றி உரையாற்றவும் வழி ஏற்பட்டது.

எனினும் இழப்புகளும் இருந்தன. உரைகளுக்கிடையே தேநீர் வேளையில் உருவாகும் அறிமுகமும், அதனால் கிட்டும் வேலைவாய்ப்பும் திரைவழியே எளிதில் கைகூடுவதில்லை. கூட்டுப்பணியில் தடுமாறும் புதியவரின் முகக்குறிப்பறிந்து உதவுவதும் கடினம். பதிவு செய்துவிட்டுப் பாதியில் விலகுவதும் இணையவழியில் எளிது.

செலவு யாரிடம் சென்றது?

இங்கு மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. முன்பு இருக்கை, மின்சாரம், அமைதியான சூழல் ஆகியவற்றை அரங்கம் அனைவருக்கும் பொதுவாக அளித்தது. இணையவழி மாநாட்டில் இவற்றோடு கணிப்பொறியையும் இணைப்பையும் பங்கேற்பவரே தம் வீட்டில் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2017-18-ல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றின்படி, கணிப்பொறி உள்ள குடும்பங்கள் நாட்டில் 10.7 சதவீதமே, நகர்ப்புறத்தில் 23.4 சதவீதம், கிராமப்புறத்தில் 4.4 சதவீதம். இணைய வசதி பெற்ற குடும்பங்கள் 23.8 சதவீதம். கைபேசி இணைப்பு அதன்பின் பெருகியுள்ளது உண்மையே. ஆயினும் கைபேசியில் உரையைக் கேட்க முடியுமேயன்றி, நிரல் எழுதிப் பழகுவது அரிது.

பெங்களூரின் நீலசந்திரா பகுதியைக் கொண்டு இதனை விளக்கலாம். தமிழ், கன்னடம், உருது பேசும் மக்கள் நெருங்கி வாழும் இப்பகுதி ஓசூர் சாலைக்குக் கிழக்கே உள்ளது. பைகான் இந்தியா பலமுறை நடைபெற்ற நிம்ஹான்ஸ் மாநாட்டு மையம் அச்சாலையிலேயே, சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது. அரங்கில் நடக்கும் மாநாட்டுக்கு நீலசந்திரா மாணவர் நகரப் பேருந்தில் சென்று வரலாம்; திருநெல்வேலி மாணவருக்கு அது எட்டாது. இணையவழியில் இருவரும் சம தொலைவில் நிற்பதாகத் தோன்றும். ஆனால் ஓர் அறை வீட்டில் ஒரே கைபேசியை உடன்பிறந்தோருடன் பகிர்ந்துகொள்ளும் மாணவர், நீலசந்திராவில் இருப்பினும் அம்மாநாட்டுக்கு வெளியேதான் நிற்கிறார். இணையம் பயணச் செலவைப் போக்கியது. வசதிக் குறைவைப் போக்கவில்லை. உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவதால், தாய்மொழி வழியே பயின்றோருக்கு மற்றொரு தடையும் எஞ்சுகிறது.

செய்யத்தக்கவை

2023-ல் ஹைதராபாத்திலும், 2024 செப்டம்பரில் மீண்டும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மையத்திலும் மாநாடு நேரில் கூடியது. இணையவழியில் பெற்ற அனுபவம் அத்துடன் வீணாகிவிடலாகாது. இரு முறைகளின் நன்மைகளையும் இணைக்க அதிகச் செலவு தேவையில்லை.

முதலாவதாக, கல்லூரிகளும் மாவட்ட நூலகங்களும் தம் கணிப்பொறிக் கூடங்களைத் திறந்துவிட்டு, மாநாட்டுப் பதிவுகளை ஆசிரியர் துணையுடன் மாணவர்கள் கூடிக் கேட்கச் செய்யலாம். அரங்கம் அளித்த பொது வசதியை இவ்வாறு ஊர்தோறும் அளிக்க இயலும். இரண்டாவதாக, தேர்ந்தெடுத்த உரைகளுக்குத் தமிழில் விளக்கம் சேர்க்கலாம். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் மத்திய கல்வித் துறையின் உதவியுடன் நடத்திய ஒலி-ஒளிப் பயிற்சித் திட்டம், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பாடங்களை வழங்கி, இது நடைமுறைக்கு உகந்ததே என நிலைநாட்டியுள்ளது. மூன்றாவதாக, அரசு அலுவலகங்களின் கணிப்பொறிப் பிரிவினர் இம்மாநாடுகளில் பங்கேற்பதைப் பணிக்காலப் பயிற்சியாகக் கருதலாம். திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-ல் வெளியிட்டது. அதன்படி மென்பொருளைப் பெறும் துறைகள், தாம் கண்ட பிழைகளையும் செய்த திருத்தங்களையும் பொதுவுக்குத் திருப்பி அளிப்பதும் முறையாகும்.

பொதுச் செல்வம் பகிரப் பகிரப் பெருகும் என்பது மென்பொருளைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மை. ஆனால் அதனைப் பேணும் பணியில் இடம்பெற ஒரு மேசையும் ஒரு கணிப்பொறியும் சில மணி நேர அமைதியும் வேண்டும். இவற்றை வீட்டில் பெற இயலாத மாணவருக்கு ஊர்ப் பொது நிறுவனங்கள் வழங்க முன்வருமானால், மாநாடு எங்கு நடந்தாலும் அதில் அவருக்கும் ஓர் இருக்கை உண்டு.