‘ஒரே சிட்டிங்கில் 7 சென்டிமீட்டர்!’ - ஸ்பா எடைக் குறைப்பில் எது உண்மை, எது வெறும் வியர்வை?

சிறுசேரி சிப்காட் ஐ.டி பார்க்கில் வேலை நாள் என்றாலே நாற்காலி நாள்தான். காலையில் கம்பெனி பஸ், பகல் முழுக்க கம்ப்யூட்டர், மாலையில் மறுபடியும் ஓ.எம்.ஆர் டிராஃபிக். நடுவில் உடற்பயிற்சிக்கு எங்கே நேரம்? இப்படி நேரமில்லாதவர்களைத்தான், ‘நீங்கள் படுத்தால் போதும், எடை தானாகக் குறையும்’ என்கிற விளம்பரங்கள் சுண்டி இழுக்கின்றன.

இழுபடுபவர்களும் குறைவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும், ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடை கொண்டவர்கள். அதனால், ஆயிரங்களைக் கட்டும் முன்பு ஒவ்வொரு சிகிச்சையும் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

வியர்வை வேறு, கொழுப்பு வேறு

ஸ்டீம் பாத், சானா இரண்டிலும் உடல் சூடாகும், வியர்வை கொட்டும். வெளியே வந்து எடை பார்த்தால் அரை கிலோ குறைந்திருக்கும். அது அத்தனையும் தண்ணீர். இரண்டு டம்ளர் மோர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓடி முடித்தால்கூட செலவாவது ஏறக்குறைய 3,000 கலோரிதான். அப்படியிருக்க, அரை மணி நேரம் ஆவியில் உட்கார்ந்து கொழுப்பை எப்படிக் கிலோ கணக்கில் எரிக்க முடியும்?

இன்ச் டேப் சொல்லும் கதை

களிமண்ணோ, மூலிகைப் பசையோ பூசி, துணியால் இறுக்கிச் சுற்றுவது ‘பாடி ராப்’. அவிழ்த்ததும் அளந்தால் இடுப்பு ஓர் அங்குலம் குறைந்திருக்கும். இறுக்கத்தாலும், நீர் குறைவதாலும் ஏற்படும் தற்காலிக மாற்றம் இது. போதாக்குறைக்கு, டேப்பை இரண்டு விரல் மேலே பிடித்தாலோ, மூச்சை உள்ளிழுத்துக்கொண்டாலோ அளவு தானாக மாறும்.

கொள்ளு மசாஜ் கரைக்குமா?

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆனால், அது சாப்பிடும் கொள்ளு! பொடியால் உடலைத் தேய்க்கும் முறை ஆயுர்வேதத்தில் உத்வர்த்தனம், சித்த மருத்துவத்தில் பொடி திமிர்தல். தோல் மென்மையாகும், அலுப்பு தீரும், தூக்கம் நன்றாக வரும். இவையெல்லாம் நிஜமான பலன்கள். ஆனால், தேய்க்கும்போது உழைப்பது மசாஜ் செய்பவரின் கைகள்; கலோரி செலவாவதும் அவருக்குத்தான். பாரம்பரிய மருத்துவமும் பருமனுக்கு மசாஜை மட்டும் சொல்லவில்லை, உணவுக் கட்டுப்பாட்டையும் உடலுழைப்பையும் சேர்த்தே சொல்கிறது.

கொழுப்பை உறைய வைக்கும் மெஷின்

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. குளிரைத் தோலைவிடக் கொழுப்புச் செல்கள் குறைவாகவே தாங்கும் என்பதுதான் இதன் அடிப்படை. 2010-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ இடுப்பின் பக்கவாட்டுக் கொழுப்புக்காக இதை அனுமதித்தது. குளிரூட்டிய இடத்தில் கொழுப்பு அடுக்கு சுமார் 20 சதவிகிதம் குறையலாம். அதுவும் இரண்டு, மூன்று மாதங்களில். அரிதாகச் சிலருக்கு அந்த இடமே முன்பைவிடப் பெருத்துவிடுவதும் உண்டு.

இந்தச் சின்ன உண்மையைப் பெரிதாக்கி விற்றதில்தான் வில்லங்கம் வந்தது. ‘ஒரே சிட்டிங்கில் 600 கிராம், 7 சென்டிமீட்டர் வரை குறையும்’ என்பது போன்ற விளம்பரங்களுக்காக, 2025 ஜூலையில் வி.எல்.சி.சி நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 3 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. இதே சிகிச்சை தொடர்பான விளம்பரத்துக்காக காயா நிறுவனத்துக்கும் முன்பே 3 லட்சம் அபராதம் விழுந்திருந்தது. அந்த மெஷின் குறிப்பிட்ட இடத்துக் கொழுப்பைக் குறைக்க மட்டுமே, எடை குறைக்க அல்ல, பி.எம்.ஐ 30 வரை உள்ளவர்களுக்கு மட்டுமே என்று ஆணையம் தெளிவுபடுத்தியது. அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் பங்கேற்றவர்கள் 57 பேர்தான், அதில் இந்தியர் ஒருவர்கூட இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியது.

அப்புறம் சிலருக்கு எப்படிக் குறைகிறது?

பேக்கேஜோடு தரப்படும் டயட் சார்ட்டைப் பாருங்கள். சர்க்கரை இல்லை, பொரித்தது இல்லை, இரவில் அளவான உணவு. எடையைக் குறைத்தது அந்தக் காகிதம்தான். பெயர் வாங்கிக்கொள்வது மெஷின்! சிட்டிங் முடிந்து சார்ட்டையும் மறந்தால், போன கிலோ திரும்பி வரும்.

இதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. எடை ஏறுவதற்குத் தைராய்டு குறைபாடோ, நீர்க்கட்டி பிரச்னையோ, சாப்பிடும் மருந்தோ காரணமாக இருக்கலாம். கூடவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கலாம். ஸ்பாவில் கழியும் ஆறு மாதம், சிகிச்சை தள்ளிப்போகும் ஆறு மாதம்.

பணம் கட்டும் முன்...

* முதலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு பரிசோதனை. அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். இயற்கை மருத்துவம்தான் வேண்டும் என்பவர்களுக்குச் செங்கல்பட்டில் அரசு யோகா, இயற்கை மருத்துவ நிறுவனம் இருக்கிறது.
* கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஸ்டீம், சானா பக்கம் போக வேண்டாம்.
* ‘எடை குறையுமா, அளவு மட்டும் குறையுமா? எத்தனை மாதம் நிற்கும்? பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.
* உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மாய நிவாரணச் சட்டமே தடை செய்கிறது. ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

வாரம் முழுக்க உழைத்த உடம்புக்கு ஒரு மசாஜ் சுகமான பரிசு. அதற்காக ஸ்பாவுக்குப் போவதில் தவறே இல்லை. தொப்பையைக் கரைக்கும் வேலையை மட்டும் தட்டுக்கும் கால்களுக்கும் விட்டுவிடுங்கள்.