பற்கறையை அளப்பது எப்படி, கேட்டுப் பெறுவது என்ன

பல் ஃபுளோரோசிஸ் என்னும் பற்கறை, எனாமல் உருவாகும் எட்டு வயதுக்குள் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சி உடலில் சேர்வதால் வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பாறையிலிருந்து கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கும் ஃபுளோரைடுதான் இதற்கு முதற்காரணம். ஒழுங்காகப் பல் துலக்காததால் வந்த கறை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது பெரும் அநியாயம். எவ்வளவு தேய்த்தாலும் இது போகாது.

கறை இரு பக்கப் பற்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். ஒரு பல்லில் மட்டும் தெரியும் வெள்ளைத் திட்டுக்குப் பெரும்பாலும் அடிபட்டதோ பால்பல்லின் சீழோ காரணமாக இருக்கும். ஆய்வாளர் முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்.

பாதிப்பை அளக்க, அமெரிக்கப் பல் மருத்துவர் ட்ரெண்ட்லி டீன் 1934இல் வகுத்து 1942இல் திருத்திய குறியீடே பெருவழக்கு. இயல்பான பல்லுக்கு 0, ஐயத்துக்குரியதற்கு 0.5. பல்பரப்பில் கால்பங்குக்குள் வெண்மை படர்ந்திருந்தால் 1, பாதிக்குள் என்றால் 2. பரப்பு முழுவதும் பாதிக்கப்பட்டுத் தேய்மானமும் தெரிந்தால் 3, எனாமலில் குழிகள் விழுந்திருந்தால் 4. மிக அதிகம் பாதிக்கப்பட்ட இரு பற்களைப் பார்த்தே ஒருவருக்கு மதிப்பெண் தரப்படும். இரண்டும் ஒரே நிலையில் இல்லையென்றால் குறைவான மதிப்பெண்ணே அவருக்கு உரியது. ஆகவே இந்த முறை நிலைமையை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று எந்த அதிகாரியும் தட்டிக்கழிக்க முடியாது. பல்லை உலர்த்திப் பார்த்து 0 முதல் 9 வரை மதிப்பிடும் தில்ஸ்ட்ரப்–ஃபெயர்ஸ்கோவ் முறை (1978) இன்னும் நுட்பமானது.

ஓர் ஊர்ப் பிள்ளைகளின் டீன் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஊரின் குறியீடு கிடைக்கும். அது 0.6ஐத் தாண்டினால் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று டீன் வரையறுத்தார். தனி வீட்டுக் கவலை ஊரின் கோரிக்கையாக மாறுவது இந்த எண்ணால்தான்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடுக்குமேல் இருக்கக் கூடாது, வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். காய்ச்சினால் ஃபுளோரைடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். எதிர்ச்சவ்வூடு பரவல் கருவியும் முறையாகப் பராமரிக்கப்படும் அலுமினா வடிகட்டியும் அதைக் குறைக்கும். நிரந்தரத் தீர்வு ஆற்றுநீர்தான்: 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது.

விழுந்த கறையை எனாமல் மேற்பூச்சைச் சுரண்டியோ வெளுத்தோ மெல்லிய உறை ஒட்டியோ மறைக்கலாம். ஆனால் பழுதான எனாமல் மீண்டும் வளராது.

மாசற்ற நீர் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இல் கூறியுள்ளது. தங்கள் குழாய் நீரின் பரிசோதனை முடிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். அளவு மீறியிருந்தால் மாற்றுக் குடிநீர் கோரிக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம்.