தாத்தா துப்பாக்கியும் எங்கள் கடலைக்காடும்

காட்டுப்பன்றியைப் பற்றிப் பேச்சு எடுத்தால், நம் கூட்டங்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஏனுங்க, துப்பாக்கி லைசென்சு வாங்கினா என்னங்க?" என்னிடம் ஒன்று இருப்பது தெரிந்த பிறகு போன் போட்டும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் தோட்டம் அந்தியூர்ப் பக்கம், பர்கூர் மலையடிவாரத்தில் இருக்கிறது. காட்டு எல்லையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். கடலை, மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு என்று பன்றிக்குப் பிடித்ததைத்தான் நாமும் பயிர் செய்கிறோம். துப்பாக்கி தாத்தா காலத்தது. குழல் வாய்வழியாக மருந்து போட்டு இடிக்கிற ஒற்றைக்குழல். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்றே இந்த வகைத் துப்பாக்கிக்கு இடம் இருக்கிறது. அப்பா காலமான பிறகு அது என் பெயருக்கு மாற இரண்டு வருடம் ஆனது. அதுவரை காவல் நிலையத்தில் கிடந்தது. ஊராட்சி அலுவலர், வருவாய் அலுவலர், காவல்துறை, வனத்துறை என்று ஒவ்வொருவர் அறிக்கையும் ஆட்சியர் அலுவலகம் போய்ச் சேர வேண்டும். ஒரு காகிதம் நின்றால் எல்லாம் நின்றது. வாரிசுக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016 ஆயுத விதிகளின்படி, வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி 25 வருடம் அவரிடம் இருந்துவிட்டாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு அந்த வசதி அமையவில்லை.

சுடுவதைப் பற்றிச் சொல்கிறேன். சினிமாவில் பார்ப்பதுபோல இல்லை. கருமருந்தை அளந்து குழலில் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் இடித்து, பால்ரஸ் குண்டு போட்டு, மறுபடி நார் வைத்து இடித்து, கடைசியில் கேப்பைப் பொருத்த வேண்டும். பழகிய கைக்கே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். ஒரு முறை சுட்டால் மறுபடி முதலிலிருந்து. காயம்பட்ட பன்றி அந்த ஒரு நிமிடம் நமக்காகக் காத்திருக்காது. இடித்த மருந்தை வெளியே எடுப்பது லேசில்லை. அதனால் ராத்திரி சுடாவிட்டால் விடிந்ததும் ஆளில்லாத பக்கம் மண்ணில் சுட்டுத் தீர்க்க வேண்டும். சுட்டபின் கொதிநீர் ஊற்றிக் குழலைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் போடாவிட்டால் மறுநாளே துரு ஏறும். மழைக்காலத்தில் மருந்து நமத்துப் போகும். கேப்பும் மருந்தும் வாங்க உரிமம் பெற்ற கடை இருக்கிற நகரத்துக்குப் போக வேண்டும். உரிமத்தில் எழுதிய அளவுக்குமேல் தரமாட்டார்கள். தோட்டா போடுகிற பன்னிரண்டு போர் துப்பாக்கி வாங்கலாம் என்று ஒருமுறை கடைக்குப் போனேன். விலையைக் கேட்டதும், அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு பிடித்துவிடலாம் என்று திரும்பிவிட்டேன்.

இத்தனைக்கும் அந்த உரிமம் பன்றியைக் கொல்ல அனுமதி இல்லை. இது பலருக்குத் தெரியாது. துப்பாக்கி வைத்துக்கொள்வது ஆயுதச் சட்டம். பன்றி வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் சுட்டால் வழக்குத்தான். நான் செய்ய முடிந்தது வானத்தைப் பார்த்து வெடிப்பது. முதல் இரண்டு நாள் பன்றி ஓடும். மூன்றாம் நாள் பக்கத்துக் காட்டுக்குப் போகும். நாலாம் நாள் சத்தம் பழகித் திரும்பி வரும். இருபது வருடத்தில் நாற்பது தடவைக்குமேல் சுட்டிருக்க மாட்டேன். ஒன்றே ஒன்று தவிர எல்லாம் வானத்துக்குத்தான்.

அந்த ஒன்றைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி மாதம். கடலை பிடுங்க இன்னும் பத்து நாள். தொடர்ந்து நாலு ராத்திரி பன்றி இறங்கி அரை ஏக்கரை உழுதுவிட்டது. தொழுவுரமும் அமுதக்கரைசலும் போட்டு ஒவ்வொரு செடியாகப் பார்த்து வளர்த்தது. ஐந்தாவது ராத்திரி பரண்மேல் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வானத்தைப் பார்த்துச் சுடுகிற எண்ணம் இல்லை. சட்டமும் நினைவில் இல்லை. இரண்டு மணி இருக்கும். மக்காச்சோளத்துக்குள் சலசலப்பு. தட்டு முறிகிற சத்தம். கருப்பாக ஒன்று குனிந்து நகர்ந்தது. குறிபார்த்து விசையை இழுத்தேன். கேப் மட்டும் டப்பென்று வெடித்தது. மருந்து பிடிக்கவில்லை.

உடனே அந்தக் கருப்பு நிமிர்ந்து, "யாரு மாப்ள, பரண்ல நீயா?" என்றது.

பக்கத்துத் தோட்டத்து மாமா. மடை மாற்ற வந்தவர். அந்த வாரம் எங்கள் பக்கம் மும்முனைக் கரண்ட் ராத்திரியில்தான். டார்ச்சில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம், இருட்டில் வரப்பு தவறிச் சோளத்துக்குள் வந்திருக்கிறார். "ஆமாங்க மாமா" என்று சொன்னதாக ஞாபகம். குரல் வந்ததா என்று தெரியாது. கேப் வெடித்ததை அவர் பட்டாசு என்று நினைத்துக்கொண்டார். அவர் போனபிறகு பரணிலிருந்து இறங்க எனக்குக் கால் வரவில்லை. மருந்து மட்டும் காய்ந்திருந்தால்? ஐந்து மணிக்கு அத்தை பால் கறக்க எழுந்திருப்பார்.

காலையில் மாமாவே வந்து, "நேத்து உன்ற காட்டோரமா பன்னித் தடம் கெடக்குது, பாத்துக்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் மருந்து இடித்தது மிகவும் குறைவு. இடித்தாலும் குண்டு போடுவதில்லை. ராத்திரி தண்ணீர் கட்டுகிறவர்கள் விளக்கோடும் விசிலோடும்தான் வர வேண்டும் என்று எங்கள் பக்கம் நாலு தோட்டத்தாரும் பேசி வைத்தோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பாம்புக்கு என்று நினைத்திருப்பார்கள்.

துப்பாக்கி வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கம்பியில் கரண்ட் விடுவதும் அவுட்டுக்காய் வைப்பதும் துப்பாக்கியைவிடக் கொடுமை. அவற்றுக்குக் குறிபார்க்கிற கண்கூட இல்லை. அவுட்டுக்காயைக் கடித்த யானை வாய் கிழிந்து பட்டினி கிடந்தே சாகிறது. கரண்டுக் கம்பியில் வைத்தவரே மாட்டி இறந்த செய்தியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியைத் திருட்டுத்தனமாக வாங்கினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம் சிறை. நான் இப்போது கடலையைச் சுற்றி நாலு வரிசை ஆமணக்கு நெருக்கமாக விடுகிறேன். பழைய சேலைகளை வரப்போரம் கட்டுகிறேன். நாய் இரண்டு உண்டு. சேதம் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. போன பட்டத்தில் எட்டு செண்ட் போனது. அரசைக் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம். 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும், 1 கி.மீ.க்குள் சுடக்கூடாது. எங்கள் தோட்டம் கூண்டு வைக்க வேண்டிய பகுதியில் வருகிறது. கூண்டு இன்னும் வரவில்லை. மனு கொடுத்திருக்கிறோம்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். 2019, 2021, 2024 என்று மூன்று கோடையிலும் அது காவல் நிலையத்தில்தான் இருந்தது. கோடைக்கடலை முற்றுகிற காலம் அது. ஒவ்வொரு முறையும் குழலில் துருவோடு திரும்பி வந்தது.

2021 இல் புதுப்பித்த உரிமம் 2026 இல் முடிகிறது. பையனுக்கு இருபத்திரண்டு வயது, அவன் பெயருக்கு மாற்றக் கேட்கிறான். தாத்தா சொத்து விட்டுப்போகக் கூடாதாம். இதை எழுதுவதற்கு முன்னால் மாமாவிடம் போய் அந்த ராத்திரியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதுக்குத்தான் விசில் வாங்கிக் குடுத்தியா?" என்று கேட்டார். அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

பையனையும் அங்கே கூட்டிப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்தபிறகு அவன் உரிமத்தைப் பற்றிப் பேசவில்லை. காலாவதி ஆவதற்கு முன் ஒப்படைத்துவிடலாம் என்றிருக்கிறேன். பரணை மட்டும் பிரிக்கவில்லை. தகரம் தட்ட அது வேண்டும்.